குருதியின் நீர்

தானம் கொடுப்போர் நீர் வார்த்துக் கொடுத்தல் நம் நாட்டுப் பழைய வழக்கம். பொன்னாயினும் பூமியாயினும் பசுவாயினும், வாங்குவோன் கையில் நீர் விழுந்த பின்னரே அப்பொருள் அவனுடையதாகும். போர்க்களத்தில் வீழ்ந்து கிடந்த கர்ணன், தன் புண்ணியம் அனைத்தையும் இரந்தவனுக்கு ஈந்தபோது, அருகில் நீர் இல்லாமையால், அம்பு தைத்த புண்ணினின்றும் பெருகிய தன் குருதியையே நீராக வார்த்தான் என்று வில்லிபுத்தூரார் பாரதத்துள் படிக்கின்றோம். அங்கே கொடைப்பொருள் புண்ணியம். குருதி அதற்கு உடன் சென்ற நீர். இக்காலத்திலோ குருதிக்குள் இருக்கும் நீரே கொடைப்பொருளாகிவிட்டது. அந்நீரை மருத்துவர் பிளாஸ்மா என்பர். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் வினவக்கூடும். அவ்வேலை எனக்கு வந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம். நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலையை நோக்கிக் கிடப்பது. ஊரைக் கடந்து காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டையூசி வளைவுகளை ஏறினால் மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை அதுவே. மலையடிவாரத்து நிலங்களில் மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும். நிலக்கடலை உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. இஃது எங்கள் ஊர்ச் சிறுவர் அனைவரும் அறிந்த தருக்கம்.

சென்ற தை மாதத்தில் ஓர் இரவு என் சித்தப்பா மரவள்ளிக் காட்டுக்கு நீர் பாய்ச்சச் சென்றார். அப்பொழுது எங்கள் பக்கத்துக் காடுகளுக்கு மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் கண்ணாடி விரியன் ஒன்று அவர் கணுக்காலைக் கடித்தது. கடித்தது விரியன்தான் என்பதில் ஐயமில்லை. அதன் சீற்றத்தை அவர் கடிபடுமுன்னரே கேட்டிருந்தார். உடனே மருத்துவமனைக்குச் செல்லாமல், உறவினர் சொற்கேட்டு, காலை இறுகக் கட்டி, மந்திரிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவ்வழியில் இரண்டு மணி நேரம் கழிந்தது. அவ்விரண்டு மணி நேரத்தை எங்கள் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. மருத்துவமனை ஒன்றை அடைந்தபோது அவர் ஈறுகளிலிருந்து குருதி கசிந்துகொண்டிருந்தது.

அங்கே செவிலியர் ஒருவர் சித்தப்பாவின் கையிலிருந்து 2 மி.லி. குருதி எடுத்து, ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டார். ஒப்புநோக்குதற்பொருட்டு என் கையிலிருந்தும் சிறிது எடுத்து மற்றொரு குழாயில் விட்டார். “தம்பி, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிஷம் பார்த்துக்கொள்” என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டுச் சென்றார். இருபது நிமிஷம் சென்றபின் வந்து குழாய்களைச் சாய்த்தார். என் குருதி கட்டியாகி அடியில் நின்றது. சித்தப்பாவின் குருதி தண்ணீரைப்போல் வாய்வரை ஓடி வந்தது. “உறையவில்லை” என்ற ஒரு சொல்லைக் கூறிவிட்டு அவர் மருத்துவரை அழைக்க விரைந்தார். இத்தனை எளிய சோதனை ஓர் உயிரின் நிலையைக் காட்டிவிடுதலை அன்றுதான் கண்டேன். இதற்கு யந்திரம் வேண்டுவதின்று. ஒரு குழாயும் ஒரு கடிகாரமுமே போதும்.

என் குழாயை எவரும் எடுத்துச் செல்லவில்லை. அது மேசைமேலேயே கிடந்தது. ஓரிரு மணிக்குப் பின் பார்த்தேன். சிவந்த கட்டி சுருங்கியிருந்தது; அதனைச் சூழ்ந்து தெளிந்த மஞ்சள் நிற நீர் நின்றது. நம் குருதி முழுதும் சிவப்பன்று என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேனாயினும், என் கையிலிருந்து வந்த மஞ்சள் நீரைக் கண்ணால் கண்டபோது வியப்பு உண்டாயிற்று.

இனி அந்நீரின் இயல்பைக் கூறுவாம். வளர்ந்த மனிதனுடைய உடலில் சற்றேறக்குறைய 5 லிட்டர் குருதி உண்டு. அதனை உறையவிடாமல் ஒரு மருந்து சேர்த்து, யந்திரத்தில் இட்டு வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும்; வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அவற்றின்மேல் மெல்லிய வெண்படலமாக நிற்கும்; எல்லாவற்றிற்கும் மேலே இளமஞ்சள் நிறமான நீர் தெளிந்து நிற்கும். அதுவே பிளாஸ்மா. குருதியில் நூற்றுக்கு 55 பங்கு இந்நீரே. கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் குருதிநீர்மம் என்பர். யான் ஈண்டுக் குருதிநீர் என்றே வழங்குகிறேன். என் குழாயில் யான் கண்டதோ இதனின் சிறிது வேறு. உறைவதற்குரிய பொருள் கட்டியோடு சென்றுவிட, எஞ்சிய நீர் அது. அதற்கு ஊநீர் என்று பெயர். ஆங்கிலத்தில் சீரம் என்பர். மோருக்கும் தயிர்த்தெளிவுக்கும் உள்ள வேற்றுமை போன்றதென்று ஒருவாறு கொள்ளலாம்.

குருதிநீரில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். எஞ்சிய சிறு பகுதியில்தான் அதன் சிறப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. உப்புக்களும் சர்க்கரையும் அதில் கரைந்து செல்கின்றன. ஆல்புமின் என்னும் புரதம் நீரைக் குழாய்களுக்குள்ளேயே பிடித்து நிறுத்துகிறது. அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து உடல் வீங்கும். பைபிரினோஜன் முதலான உறைபொருள்கள் புண்பட்ட இடத்தில் வலை பின்னிக் குருதியைக் கட்டுகின்றன. எதிர்ப்பொருள்கள் என்பன, உடல் முன்பு எதிர்த்து வென்ற நோய்களை நினைவில் வைத்துக் காவல் புரிகின்றன. சித்த வைத்திய நூலார் உடற்றாதுக்கள் ஏழனுள் சாரத்தை முதலாகவும் செந்நீரை அதன் பின்னாகவும் எண்ணினர். அவர் கூறிய சாரமும் இக்குருதிநீரும் ஒன்றே என்று சாதிக்க யான் துணியேன். எனினும் சிவப்புக்கு முன் வேறொன்றை வைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

அணுக்களும் நீரும் தத்தம் எல்லையில் நிற்றல் வேண்டும். எல்லை கடந்தால் யாது நேரும் என்பதற்கு எங்கள் மலையிலேயே ஒரு சான்று உண்டு. சேந்தமங்கலத்து மிஷன் நிலையத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறித் தொண்டு புரிந்தவர் ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயர். மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருநீர்ச் சுரத்தால் 1929 இல் அம்மலையிலேயே இறந்தார். அச்சுரத்தில் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்து, அவற்றின் செந்நிறப் பொருள் குருதிநீரில் கலந்துவிடும். சிறுநீர் கறுத்து இறங்கும். அவருடைய மகன் பால் பிராண்டு 1914 இல் உதகமண்டலத்தில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, 1923 இல் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்றவர். தந்தையார் செய்த சிகிச்சைகளில் சீழையும் குருதியையும் கண்டு அருவருத்து, மருத்துவமே வேண்டாவென்று கட்டடத் தொழில் கற்றார். பின்னர் இலண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், விபத்தில் அடிபட்டு வெளிறிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பிறர் குருதியை ஏற்ற, அவள் முகத்தில் நிறம் திரும்பி, கண் விழித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டதைக் கண்டார். அக்காட்சியே தம்மை மருத்துவத்துக்குத் திருப்பியதென்று அவர் தாமே எழுதியிருக்கிறார். 1946 இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர் இவரே.

நிற்க. சித்தப்பாவின் குருதி ஏன் உறையவில்லை? விரியனின் நஞ்சு குருதியை உறையச் செய்யும் பொருள்களை அழிப்பதில்லை, வீணாகத் தூண்டிவிடுகிறது. புண் இல்லாத இடத்திலெல்லாம் உறைதல் தொடங்கி, உறைபொருள்கள் யாவும் செலவாகிவிடுகின்றன. பின்பு உண்மையாகவே புண் ஏற்படும் இடத்தில் கட்டுவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஊதாரி கையில் அகப்பட்ட களஞ்சியத்தின் கதை இது. இதற்கு மருந்து நஞ்சை முறிப்பதே. அம்மருந்தும் ஒரு குருதிநீரிலிருந்து வருவதே. ஆயின் அது மனிதனுடையதன்று, குதிரையினுடையது.

1890 இல் பெர்லின் நகரத்தில் பேரிங் என்பவரும் ஜப்பானியராகிய கிட்டசாட்டோவும், நோய்நஞ்சு சிறிது சிறிதாகச் செலுத்தப்பெற்ற விலங்கின் ஊநீரை வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் அந்நோய்க்குத் தப்புகிறது என்று கண்டனர். ஒருவர் பெற்ற எதிர்ப்பாற்றலை மற்றொருவர்க்கு வார்த்துக் கொடுக்கலாம் என்னும் கருத்து அன்று பிறந்தது. சில ஆண்டுகளில் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் அம்முறையைப் பாம்பின் நஞ்சுக்குப் பயன்படுத்தினார். இன்றும் முறை அதுவே. குதிரைக்கு நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் செலுத்துகின்றனர். அதன் குருதிநீரில் எதிர்ப்பொருள் மிகும். பின்பு குருதியை எடுத்து, நீரைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்பச் செலுத்திவிடுதல் நல்ல முறை. நீரிலிருந்து எதிர்ப்பொருளைத் தூய்மை செய்து உலர்த்திப் பொடியாக்கிச் சிறு குப்பிகளில் அடைக்கின்றனர். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்க வல்லது. குதிரைக்குச் செலுத்தவேண்டிய நஞ்சோ நம் தமிழ்நாட்டிலிருந்து பெரிதும் செல்கிறது. மாமல்லபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் ஊரில், 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நாளிதழ்களில் படித்துக் கடந்துவிட்டேன். அவ்விருதின் பொருளை மருத்துவமனைத் தாழ்வாரத்திலேதான் உணர்ந்தேன்.

சித்தப்பாவுக்குப் பத்துக் குப்பிகள் கரைத்து ஏற்றினர். குதிரையின் புரதம் மனித உடலுக்கு அயலானதாதலின் சிலர்க்கு ஒவ்வாமை எழும். ஆதலின் அதற்குரிய ஊசியை அருகிலேயே வைத்திருந்தனர். ஆறு மணி நேரம் சென்றபின் மறுபடியும் குழாய்ச் சோதனை. மறுபடியும் உறையவில்லை. மீண்டும் மருந்து. விடிந்து வெயில் ஏறியபின் செய்த சோதனையில்தான் ஒரு சிறு கட்டி தோன்றியது. எனினும் அதற்குள் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன. குருதியைச் சுத்தி செய்யும் யந்திரத்தோடு இணைப்பதற்காகக் கழுத்து நாளத்தில் ஒரு குழாய் இடவேண்டியதாயிற்று. உறையும் திறன் முற்றும் மீளாத நிலையில் அங்கே ஊசி படுதல் ஆபத்து. ஆதலின் முதலில் நான்கு பை மனிதக் குருதிநீரை ஏற்றினர். நஞ்சு முறியுமுன் இதனை ஏற்றிப் பயனில்லை. புதிதாக வந்த உறைபொருளையும் நஞ்சு விழுங்கிவிடும். பாம்புக்கடி பட்டவர் எல்லார்க்கும் இது வேண்டுவதுமன்று என்று மருத்துவர் விளக்கினார்.

அப்பைகளைக் கண்ட என் சித்தி, “ரத்தம் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு எண்ணெய்மாதிரி எதையோ ஏற்றுகிறார்களே” என்று என் காதோடு சொன்னார். யானும் அப்பைகளையே நோக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண்ணும் ஒரு தேதியும் ஒரு குருதிவகையும் எழுதியிருந்தன. பெயர் இல்லை. இரண்டு பைகளின் தேதி முந்திய ஆவணி மாதத்தது. எங்கள் குடும்பத்துக்கு இவ்விபத்து நேரும் என்று எவரும் அறியாத அந்நாளில், யாரோ இருவர் எங்கோ கை நீட்டிக் கொடுத்தது ஐந்து மாதம் பனியில் உறைந்து காத்திருந்தது.

அது காத்திருக்கும் வகையையும் கூறவேண்டும். ஒருவர் 350 அல்லது 450 மி.லி. குருதி கொடுத்தால், அதனைச் சுழற்றிச் சிவப்பணு, தட்டணு, குருதிநீர் என மூன்றாகப் பிரிக்கின்றனர். ஆகவே ஒருவர் கொடை மூவர்க்குச் செல்லலாம். சிவப்பணுக்கள் குளிர்ப்பெட்டியில் ஐந்தாறு வாரங்கள் தங்கும். தட்டணுக்கள் ஐந்து நாட்களே தங்கும். அவற்றை ஓயாமல் அசைத்துக்கொண்டிருத்தல் வேண்டும். குருதிநீரையோ சில மணி நேரத்துக்குள் உறையவைத்துப் பூஜ்யத்துக்குக் கீழ் 30 பாகைக் குளிரில் வைத்தால் ஓராண்டு கெடாது. குருதிநீரை மட்டும் தனியே கொடுப்பதும் உண்டு. அப்பொழுது கையிலிருந்து வரும் குருதியை யந்திரம் அங்கேயே பிரித்து, நீரை வைத்துக்கொண்டு, அணுக்களைக் கொடுப்பவர் உடலுக்கே திருப்பிவிடும். ஒரு மணி நேரமளவில் முடிந்துவிடும். இழந்த நீரை உடல் ஓரிரு நாளில் ஈடுசெய்துகொள்ளும். சிவப்பணுக்களை ஈடுசெய்யவே வாரக்கணக்கு வேண்டும்.

இங்கே ஒரு புதுமை. குருதிவகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901 இல் வெளியிட்ட நாள்முதல், ஓ வகையினரை எவர்க்கும் கொடுக்கக்கூடிய வள்ளல்கள் என்று கேட்டுப் பழகிவிட்டோம். குருதிநீரில் இது தலைகீழாகும். ஓ வகையினர் நீரில் ஏ, பி என்னும் இரண்டுக்கும் பகையான பொருள்கள் உள்ளன. ஆதலின் அது ஓ வகையினர்க்கே ஆகும். ஏபி வகையினர் நீரில் அப்பகைப்பொருள் இரண்டும் இல்லை. ஆதலின் அதனை எவர்க்கும் ஏற்றலாம். சிவப்பணுக்களை ஏபி வகையினர்க்கு மட்டுமே கொடுக்க இயலும் என்று எப்பொழுதும் இரவலர் வரிசையில் வைக்கப்பட்டவர், நீர்க்கொடையில் ஓரியாகிவிடுகின்றனர். எங்கள் விடுதியில் ஏபி வகை நண்பர் ஒருவர் உளர். இதனைக் கேட்டதுமுதல் அவருடைய நடையே மாறிவிட்டது.

குருதிநீரால் உய்வோர் பலர். அவர்களுள் சிலரையே இங்குக் குறிக்க இடமுண்டு. ஹீமோபீலியா என்னும் பிறவிக்குறை உள்ள ஆண்மக்களுக்குச் சிறு அடியும் மூட்டுக்களில் குருதி தேங்கச் செய்யும். 1960களில் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண்மணி, உறைந்த குருதிநீரை மெல்ல உருகவிடும்போது அடியில் தங்கும் வண்டலிலேயே அவர்களுக்கு வேண்டிய உறைபொருள் செறிந்திருப்பதைக் கண்டார். எல்லாரும் கழித்த வண்டல் மருந்தாயிற்று. தீப்புண் பட்டோர்க்கும் ஈரல் நோயாளர்க்கும் ஆல்புமின் பயன்படும். இரண்டாம் உலகப் போரின்போது எட்வின் கோன் என்பவர் அதனைத் தனியே பிரிக்கும் வழி கண்டார். அதே காலத்தில், 1940 இல், அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் குருதிநீர் திரட்டி அனுப்பும் பணியை நடத்தியவர் சார்லஸ் டுரூ என்ற கறுப்பின மருத்துவர். வெறிநாய் ஆழமாகக் கடித்த புண்ணைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பொருளும் குதிரை அல்லது மனிதக் குருதிநீரிலிருந்து எடுக்கப்படுவதே. எலிப்பசையால் ஈரல் சிதைந்தவர்க்கு, நஞ்சேறிய நீரைச் சிறிது சிறிதாக அகற்றிப் பிறர் நீரைப் பெய்யும் சிகிச்சையை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் ஆராய்ந்து கையாண்டு வருகின்றனர்.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இருந்தார். பதினான்காம் வயதில் மார்பில் பெரிய அறுவை நேர்ந்து, அறியாதார் பலர் குருதியால் பிழைத்தவர். ஊசியைக் கண்டால் அஞ்சுபவராயினும், பதினெட்டு வயது நிரம்பியதும் 1954 இல் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய குருதிநீரில் அரிய எதிர்ப்பொருள் ஒன்று இருந்தது. ஆர்.எச். நெகட்டிவ் தாயின் வயிற்றில் ஆர்.எச். பாசிட்டிவ் குழந்தை வளரும்போது, தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களைப் பகையாகக் கருதத் தொடங்கலாம். அடுத்த கருவுக்கு அதனால் உயிர்க்கேடு. ஹாரிசனிடம் இருந்த எதிர்ப்பொருளால் செய்த ஊசி அப்பகைமை பிறவாதபடி தடுக்கிறது. 2018 வரை 1,173 முறை கொடுத்தார். 24 இலட்சம் குழந்தைகள் அவர் கொடையால் காக்கப்பட்டதாகக் கணக்கிடுவர். 2025 பிப்ரவரியில் உறக்கத்திலேயே இறந்தார். ஒவ்வொரு முறையும் ஊசி ஏறும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

குருதிநீரை அளவுக்குமேல் புகழ்வதும் தவறாகும். கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020 ஆம் ஆண்டில், நோயினின்று மீண்டவர் நீரில் எதிர்ப்பொருள் இருக்கும். அதனைப் பிறர்க்கு ஏற்றினால் பிழைப்பர் என்று உலகெங்கும் நம்பினர். அந்நம்பிக்கை பேரிங் காலத்துப் பழமையுடையது; அறிவுக்கும் பொருந்துவது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. என் அத்தை மகனும் நோயினின்று மீண்டு, எவரும் அழைக்காமலே சென்று கொடுத்தார். ஆயின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரைக் கொண்டு ஆய்ந்தபோது, குருதிநீர் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இறப்பில் வேற்றுமை காணவில்லை. பிரிட்டனில் 11,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் செய்த ஆய்விலும் அதே முடிவு. 2021 மே மாதத்தில் நம் நாட்டுச் சிகிச்சை விதிகளினின்றும் அது நீக்கப்பட்டது.

அத்தை மகன் இதனை அறிந்து பெரிதும் வருந்தினார். “நான் கொடுத்தது வீணா?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அப்பொழுது யான் பள்ளி மாணவன், விடை தோன்றவில்லை. இப்பொழுது எனக்குத் தோன்றுவது இது. பயன்படும் என்று நம்பியதைச் சோதித்துப் பார்த்து, பயன்படவில்லை என்று வெளிப்படையாகக் கூறிய மருத்துவர்களே, விரியன் கடிக்கு எப்பொழுது குருதிநீர் வேண்டும், எப்பொழுது வேண்டா என்றும் கூறுகின்றனர். முதலாவதை மறைப்பவராயின் இரண்டாவதை யான் நம்பியிருக்கமாட்டேன். அவர் நீர் பலரைப் பிழைப்பிக்கவில்லை என்பது மெய்யே. இதனை அவரிடம் கூறினேன். முற்றும் ஆறுதல் அடைந்தார் என்று சொல்வதற்கில்லை.

மற்றொரு மாறுதலும் நிகழ்ந்து வருகிறது. ஹீமோபீலியாவுக்கு மனிதக் குருதிநீர் இல்லாமலே ஆக்கிய உறைபொருள் இப்பொழுது உண்டு. வேலூரில் ஐந்து நோயாளர்க்கு மரபணுச் சிகிச்சை செய்து, அவர் உடலே அப்பொருளை ஆக்குமாறு செய்த செய்தி 2024 இறுதியில் வெளியாயிற்று. அந்நோய்க்குக் கொடையாளர் வேண்டாத நாள் வந்தால் அதற்காக மகிழ்தலே தகும். விபத்தில் குருதி இழந்தவர்க்கோ இன்னும் மனிதனைத் தவிர வேறு ஊற்று இல்லை.

நிற்க. மருத்துவமனையில் எங்களிடம், இயன்றவர் குருதி கொடுக்கலாம் என்றனர், கட்டாயம் ஏதுமில்லை. உறவினர் பதினொருவர் அங்கே இருந்தோம். ஒருவர்க்கு உடனே தலைசுற்றல் உண்டாயிற்று. ஒருவர் பேருந்துக்கு நேரமாயிற்று என்றார். என் பாட்டியார், “வயசுப்பிள்ளை ரத்தம் கொடுத்தால் இளைத்துவிடுவான், படிப்பும் ஏறாது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. எனக்கும் அச்சம் இருந்தது. பாட்டியார் கையை விடுவித்துக்கொள்ள யான் பெரிதும் முயலவில்லை என்பதே உண்மை. அன்று கொடுத்தவர் இருவர்; அவருள் ஒருவர் சித்தப்பாவின் காட்டில் வேலை செய்பவர்.

யான் ஒன்றரை மாதம் சென்றபின்னரே கொடுத்தேன். வயது 18 முதல் 65 வரை இருத்தல் வேண்டும்; எடை 45 கிலோவுக்குக் குறைதல் ஆகாது; 100 மி.லி. குருதியில் ஹீமோகுளோபின் 12.5 கிராமேனும் வேண்டும். விரல்நுனியில் குத்தி அதனை அளந்தனர். குருதி இறங்கியது ஏழெட்டு நிமிஷம். எடுத்த குருதியை எயிட்ஸ் கிருமி, இருவகை ஈரலழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பின்னரே பிறர்க்குக் கொடுப்பர். பொருள் வாங்கிக்கொண்டு குருதி விற்கும் தொழில் முன்பு நம் நாட்டில் இருந்தது. வறியவர் வாரந்தோறும் விற்று நலிந்தனர். 1996 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் அது ஒழிக்கப்பட்டது. எனக்குக் கிடைத்தவை ஒரு பழச்சாறும் சில பிஸ்கோத்துக்களும் ஒரு சான்றிதழுமே. ஆண்கள் மறுமுறை கொடுக்க 90 நாட்களும், பெண்கள் 120 நாட்களும் கழிதல் வேண்டும். பாட்டியார் மூன்று நாட்கள் வரை என் முகத்தையே உற்று நோக்கினார். பின்பு, “இளைத்த மாதிரி தெரியவில்லை” என்று ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா இருபத்திரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீரகங்கள் மெல்ல மீண்டன. இப்பொழுது இரவில் நீர் பாய்ச்சச் செல்லும்போது முழங்கால் வரை உயர்ந்த காலணி அணிகிறார். ஒரு கையில் விளக்கும் மறுகையில் தடியும் கொண்டு, வாய்க்கால் வரப்பைத் தட்டிக்கொண்டே நடக்கிறார். கண்ணாடிக் குழாய்ச் சோதனையை ஊரில் எவர் வினவினாலும் நின்று விளக்குகிறார். அதில் என் குருதி உறைந்ததையும் தம் குருதி ஓடியதையும் கூறும்போது மட்டும், ஏதோ பந்தயத்தில் என்னிடம் தோற்றவரைப்போல் சற்று வெட்கப்படுகிறார்.